சுமையும் அளவுகோலும்

மாலை நேரம். நகரத்துப் பஸ் ஒன்று நிரம்பி வழிந்தபடி செல்கிறது. சன்னல் ஓரத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். பக்கத்தில் அவனுடைய தாய். எதிரே வந்த லாரி திடீரென்று ஒலி எழுப்புகிறது. சிறுவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வீறிடுகிறான்; முன்னும் பின்னும் ஆடுகிறான்; கையைக் கடித்துக்கொள்கிறான். பஸ்ஸில் உள்ளவர் அனைவரும் திரும்பிப் பார்க்கின்றனர். "வளர்த்த வளர்ப்பு அப்படி" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வருகிறது. தாய் அதைக் கேட்கிறாள், கேளாதவள்போல் இருக்கிறாள். மகனுக்குப் பிடித்தமான சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்து அவன் கையில் வைக்கிறாள்; குரலைத் தாழ்த்தி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நடுவே, சுற்றி இருப்பவர்களைப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோலப் புன்னகையும் செய்கிறாள். பிறகு, இறங்க வேண்டிய இடத்திற்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் ஆட்டிசம் உடைய குழந்தையின் பெற்றோர் எவரைக் கேட்டாலும், "இது எங்கள் வீட்டுக் கதை" என்பார்கள். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தத் தாய் கொடுத்த பஸ் கட்டணத்தை அளக்கலாம். அவள் நடந்த தூரத்தை அளக்கலாம். தோளில் தொங்கிய பையை நிறுக்கலாம். ஆனால் அவள் செய்த அந்தப் புன்னகையை எப்படி அளப்பது? பொங்கி வந்த அழுகையை அடக்கி, சினத்தை விழுங்கி, அச்சத்தை மறைத்து, அமைதியான குரலை வரவழைத்தாளே, அதுவும் ஓர் உழைப்பு அன்றோ? அதற்கு அளவுகோல் உண்டா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தகைய உழைப்புக்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர். அமெரிக்க நாட்டில் பெர்க்லி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்த ஆர்லி ஹோக்ஷைல்டு என்னும் அம்மையார் 1983ஆம் ஆண்டில் எழுதிய நூலினால் இச்சொல் உலகெங்கும் பரவியது. அவர் ஆராய்ந்தது பெற்றோரை அன்று. விமானப் பணிப்பெண்களையும், கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்தார். விமானப் பணிப்பெண் உணவுத் தட்டைச் சுமக்கிறாள். அது உடல் உழைப்பு. அத்துடன், முரட்டுப் பயணியிடமும் முகம் கோணாமல் புன்னகை செய்கிறாள். அந்தப் புன்னகையும் வேலையின் ஒரு பகுதியே, அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று அவர் காட்டினார். புன்னகையிலும் இரண்டு வகை உண்டு என்றார். உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைப் பூசிக்கொள்வது மேல்நடிப்பு. "இந்த மனிதர் விமானத்தில் பறக்க அஞ்சுகிறார், அதனால்தான் கத்துகிறார்" என்று நினைத்துத் தன் உள்ளத்தையே மாற்றிக்கொள்வது ஆழ்நடிப்பு.

ஹோக்ஷைல்டு ஒரு வேறுபாட்டையும் செய்தார். கூலிக்காகச் செய்வதே உணர்ச்சி உழைப்பு; வீட்டில், உறவினரிடையே செய்வது உணர்ச்சியை ஆளும் பணி; அதற்கு விலை இல்லை. இழவு வீட்டில் சிரிக்கலாகாது, மணவீட்டில் அழலாகாது என்னும் விதிகளுக்கு நாம் எல்லோரும் கட்டுப்பட்டு நடக்கிறோம் அல்லவா? அது இரண்டாம் வகை. இக்காலத்தில் ஆராய்ச்சியாளர் பலர் முதற்சொல்லையே குடும்பத்திற்கும் வழங்குகின்றனர். நானும் இங்கே அப்படியே வழங்குகிறேன். ஆனால் வேறுபாட்டை மறக்கலாகாது. பணிப்பெண்ணுக்கு வேலை நேரம் முடிகிறது, தாய்க்கு முடிவதில்லை.

இனி, ஆட்டிசம் என்பது யாது? 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். 1943ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்னும் மருத்துவர், எட்டுச் சிறுவரும் மூன்று சிறுமியருமாகப் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறரோடு பழகுவதில் வேறுபாடு, பேச்சில் வேறுபாடு, ஒரே ஒழுங்கில் எல்லாம் நடக்க வேண்டும் என்னும் பிடிப்பு ஆகியவற்றை அக்குழந்தைகளிடம் கண்டார். ஒலி, ஒளி, தொடுதல் முதலியவை இவர்களில் பலர்க்குப் பிறரைவிட மிகுதியாகவோ குறைவாகவோ உறைக்கின்றன என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. இது தொற்றுநோய் அன்று. பிறவியிலேயே மூளை வளரும் முறையில் அமைந்த வேறுபாடு. தமிழில் சிலர் இதனை மன இறுக்கம் என்பர். அச்சொல், மனத்தைத் தளர்த்தினால் சரியாகிவிடும் என்னும் தவறான எண்ணத்தைத் தரக்கூடும்; ஆகவே ஆட்டிசம் என்றே சொல்வோம்.

கானர் தம் முதற்கட்டுரையிலேயே இது பிறவியில் அமைந்தது என்று எழுதினார். ஆயினும், இக்குழந்தைகளின் பெற்றோரில் உள்ளக் கனிவு உடையவர் மிகச் சிலரே என்றும் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு பின்னாளில் விஷ வித்தாயிற்று. தாயின் உள்ளம் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்ததால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்னும் கொள்கை பரவியது. 'குளிர்பெட்டித் தாய்' என்றே பெயர் சூட்டினர். புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூல் இக்கொள்கையை ஊரறியச் செய்தது. ஏற்கெனவே சுமை தாங்க முடியாத தாய்மாரின் தலையில் குற்றம் என்னும் பாறாங்கல்லும் ஏறியது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர் முன்னால் ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். அழுதால் நிலை தடுமாறியவள் என்பார்கள். கோபித்தால் முரடி என்பார்கள். ஆகவே முகத்தை இறுக்கிக்கொண்டு, கேட்ட கேள்விகளுக்கு மட்டும் விடை கூறுகிறாள். அவள் செய்வது உணர்ச்சி உழைப்பு. எதிரே இருப்பவரோ அதைக் குளிர்ச்சி என்று குறித்துக்கொள்கிறார்! அவ்வாறு நடந்திருக்கக்கூடும் என்று நான் கருதுகிறேன். உழைப்பை அளக்கத் தெரியாதவன், உழைப்பையே குற்றமாக எழுதிவிடுவான். நல்ல அளவுகோல் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டா.

இப்பழியை முதலில் எதிர்த்தவர்களும் பெற்றோரே. அமெரிக்கக் கடற்படையில் உளநூல் வல்லுநராக இருந்த பெர்னார்டு ரிம்லாண்டு, ஆட்டிசம் உடைய மகனின் தந்தை. அவர் 1964இல் எழுதிய நூலில், இதன் வேர் உடலமைப்பில் இருக்கிறது, தாயின் அன்பில் இல்லை என்று வாதிட்டார். இங்கிலாந்தில் லோர்னா விங் என்னும் மருத்துவ அம்மையார், ஆட்டிசம் உடைய மகளின் தாய். அவரும் மற்றப் பெற்றோரும் சேர்ந்து 1962இல் லண்டனில் ஒரு சங்கம் அமைத்தனர். கானரே 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில், உங்கள் மீது குற்றம் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 11 இணைகளில், நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருவாகப் பிறந்த இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பரம்பரைக் கூறு வலியது என்பது விளங்கிற்று, பழி நீங்கிற்று. ஆனால் பஸ்ஸில் பின்னாலிருந்து வரும் அந்தக் குரல் இன்னும் ஓயவில்லை.

சரி, அளப்பது எப்படி? உள்ளத்துக்குள் கோலை நுழைக்க இயலாது. ஆகவே வினாக்களின் வழியாக அளக்கின்றனர். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதனை முழுதும் ஒப்புகிறீர்களா, ஓரளவு ஒப்புகிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டு, விடைக்கு ஓர் எண் தருவது வழக்கம். எண்களைக் கூட்டினால் மதிப்பெண் கிடைக்கும். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு அபிடின் 1983இல் வெளியிட்ட பெற்றோர் அழுத்தக் குறியீடு இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் சுருங்கிய வடிவத்தில் 36 வினாக்கள் உண்டு. பெற்றோரின் துயரம், பெற்றோர்க்கும் குழந்தைக்கும் உள்ள உறவு, குழந்தையின் இயல்பு என்னும் மூன்று பகுதிகளுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு வினாக்கள். நம் நாட்டிலும் இத்துறையில் பணி நடந்துள்ளது. பெங்களூரில் பாய், கபூர் என்னும் இருவர் 1981இல் மனநோயாளரின் குடும்பச் சுமையை அளக்க ஒரு முறையை வகுத்தனர். பணச் செலவு, அன்றாட ஒழுங்கு, ஓய்வும் பொழுதுபோக்கும், குடும்பத்தாரின் உறவு, உடல்நலம், மனநலம் என்னும் ஆறு தலைப்புகளில் 24 வினாக்கள்.

இவற்றின் துணையால் ஓர் உண்மை உறுதிப்பட்டது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2013இல் வெளிவந்தது. ஆட்டிசம் உடைய குழந்தைகளின் பெற்றோர்க்கு, மற்றப் பெற்றோரைக் காட்டிலும், வேறு குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோரைக் காட்டிலும்கூட, அழுத்தம் மிகுதி என்று அது கூறியது.

ஆனால் கூர்ந்து நோக்குங்கள். அழுத்தம் வேறு, சுமை வேறு, உழைப்பு வேறு. வண்டியில் ஏற்றிய மூட்டை சுமை. மாடு இழுப்பது உழைப்பு. மாலையில் மாடு மூச்சிரைப்பது அழுத்தத்தின் விளைவு. மூச்சிரைப்பை மட்டும் எண்ணினால் இழுத்ததை அளந்ததாகாது. ஒரே மூட்டையை மேட்டில் இழுப்பது வேறு, பள்ளத்தில் இழுப்பது வேறு. உற்றாரும் பள்ளியும் துணை நிற்கும் வீட்டில் ஒரு தாய் இழுப்பது சமதரையில். "உன்னால்தான்" என்று சொல்லும் வீட்டில் இழுப்பது மேட்டில். உழைப்பை அளக்க வேண்டுமானால் வேறு வினாக்கள் வேண்டும். நேற்று எத்தனை முறை கண்ணீரை அடக்கினீர்கள்? எத்தனை பேருக்கு உங்கள் குழந்தையைப் பற்றி விளக்கம் கூறினீர்கள்? யாரிடம் நடிக்காமல் இருக்க முடிகிறது? பணியிடத்து உணர்ச்சி உழைப்பை அளக்க பிராதரிஜ், லீ என்னும் இருவர் 2003இல் வெளியிட்ட அளவுகோலில், எத்தனை முறை, எவ்வளவு தீவிரம், எத்தனை வகை, எவ்வளவு நேரம், மேல்நடிப்பா, ஆழ்நடிப்பா என ஆறு கூறுகள் உண்டு. இதுபோன்ற கூறுகளைப் பெற்றோரின் வாழ்வுக்கு ஏற்ப மாற்றி அமைப்பதே இப்பணியின் சாரம்.

அளவுகோல் செய்வதில் இடர்கள் பல. முதல் இடர் கடிகாரம். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகக் கூறியது. பயனுள்ள கணக்கு. ஆயினும், தாய் அடுப்படியில் நின்று சமைக்கும்போதே ஒரு காது அடுத்த அறையில் இருக்கிறது. கதவு திறக்கும் ஒலி கேட்டால், குழந்தை தெருவுக்கு ஓடிவிட்டானோ என்று நெஞ்சு துடிக்கிறது. கடிகாரம் சமையலை எழுதிக்கொள்ளும்; அந்தக் காதை எழுதிக்கொள்ளாது.

இரண்டாம் இடர் நினைவு. சென்ற ஆறு மாதம் எப்படி இருந்தது என்று கேட்டால், எவர் சரியாகச் சொல்வார்? இதற்கு மாற்றாக விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளின் தாய்மாரை எட்டு மாலைகள் தொடர்ந்து தொலைபேசியில் அழைத்து, இன்று என்ன நடந்தது என்று கேட்டனர். 2010இல் வெளியான அவ்வாய்வு, இத்தாய்மார்க்குக் கவனிப்பு வேலை மிகுதி, களைப்பு மிகுதி, அலுவலில் இடையூறும் மிகுதி என்று காட்டியது. அத்துடன் இன்னொன்றும் காட்டியது: நல்ல அனுபவங்கள் அமைவதிலும், நண்பர்க்குத் துணை நிற்பதிலும் இவர்கள் மற்றத் தாய்மாருக்குப் பின்தங்கவில்லை. துயரத்தை மட்டும் கேட்கும் வினாத்தாள் இந்தப் பாதியை இழந்துவிடும்.

மூன்றாம் இடர் உடல். அழுத்தம் ஏற்படும்போது உடலில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு கூடும். எச்சிலைச் சோதித்து அதை அறியலாம். அதே பல்கலைக்கழகத்தார் அவ்வாறு சோதித்தபோது, இத்தாய்மாரிடம் அந்தச் சுரப்பு மற்றவரைவிடக் குறைவாகவே இருந்தது. அப்படியானால் இவர்கள் அமைதியாக இருக்கிறார்களா? இல்லை. நெடுங்காலம் இடைவிடாது அழுத்தத்திற்கு உள்ளானவர்களிடம் இச்சுரப்பு குறைந்துவிடுவதைப் பிற ஆய்வுகளும் கண்டுள்ளன. ஓயாமல் அடித்த மணி கம்மிப்போவது போன்றது இது. எண் பொய் சொல்லவில்லை. எண்ணைப் படிப்பவன் தவறாகப் படிக்கலாம்.

நான்காம் இடரே பெரிது. வினாத்தாளை நிரப்புவதும் ஓர் உணர்ச்சி உழைப்பு! "என் குழந்தையால் என் வாழ்வு குறுகிவிட்டது" என்பது போன்ற வாக்கியத்துக்கு எதிரே 'ஆம்' என்று எழுத எந்தத் தாயின் கை துணியும்? நல்ல தாய் என்னும் பெயருக்கு இழுக்கு வராதபடி, வினாத்தாளைப் பார்த்தும் அவள் புன்னகைதான் செய்வாள். மொழிபெயர்ப்பும் இங்கே வழுக்கும். 'மன அழுத்தம்' என்று தமிழில் கேட்டால், ஒருவர் வேலைப்பளு என்று கொள்வார். மற்றொருவர் மனநோய் என்று கொண்டு, "எனக்கு அதெல்லாம் இல்லை" என்பார். ஆகவே நல்ல ஆராய்ச்சியாளன் பெற்றோரிடம் முதலில் நெடுநேரம் பேசி, அவர்கள் வாயில் வரும் சொற்களைக் கொண்டே வினாக்களை அமைப்பான். பின்பு, இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் அதே விடை வருகிறதா என்று சோதிப்பான். அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்றும் சோதிப்பான். தாயிடம் மட்டும் கேட்டு 'பெற்றோர்' என்று எழுதவும் மாட்டான். தந்தையின் மௌனத்திற்கும் வினா வைப்பான். "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்ற கேள்வி இருவர்க்கும் பொதுவானது; இரவில் இருவரும் அதை ஒருவர்க்கொருவர் மறைக்கின்றனர்.

இனி, நாம் மறக்கக்கூடாத ஒருவர் இருக்கிறார். அவர்தாம் அந்தச் சிறுவன். சுமை, சுமை என்று நாம் பேசும்போது, அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். 1993இல் ஜிம் சின்கிளேர் என்னும் ஆட்டிசம் உடைய ஒருவர், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையில், எங்களுக்காக இரங்கல் கொண்டாடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்பது உங்கள் துயரம்; வந்திருக்கும் குழந்தை துயரம் அன்று என்பது அவர் கருத்து. 2012இல் டேமியன் மில்டன் என்னும் அறிஞர், தாமும் ஆட்டிசம் உடையவர், புரிந்துகொள்ளாமை இருபுறமும் உள்ளது என்று எழுதினார். ஆட்டிசம் உடையோர், பிறரைப்போலத் தோன்றுவதற்காகக் கண்ணைப் பார்த்துப் பேசவும், கையாட்டத்தை அடக்கவும் எவ்வளவு பாடுபடுகின்றனர் என்பதை அளக்க, 25 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று 2018இல் வெளிவந்தது. அதாவது, பஸ்ஸில் உணர்ச்சி உழைப்புச் செய்தவர் தாய் ஒருத்தி மட்டும் அல்லள். லாரியின் ஒலி கேட்கும் வரை, அத்தனை இரைச்சலையும் நெருக்கத்தையும் பொறுத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தானே, அவனும் உழைத்தான். தாயின் சுமை மகன் அல்லன். மகனுக்கு இடம் தராத பஸ்ஸே இருவரின் சுமை.

அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். அளக்கப்படாதது அரசின் ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாததற்குப் பணமும் ஒதுக்கப்படுவதில்லை. நம் நாட்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. ஆட்டிசம் அதில் இடம் பெற்றுள்ளது. கவனிப்போர் என்னும் சொல்லுக்கு இலக்கணம் கூறும்போது, பெற்றோரையும் குடும்பத்தாரையும் சேர்த்து, ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனிப்பவர் என்று அச்சட்டம் கூறுகிறது. ஊதியம் பெறாத உழைப்பையும் சட்டம் ஒரு சொல்லால் ஒப்புக்கொண்டுவிட்டது. அச்சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது ஆராய்ச்சியின் கடமை. எந்தத் தாய்க்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும், எந்தத் தந்தைக்குப் பேசுவதற்கு ஒரு துணை வேண்டும், எந்தப் பள்ளி ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும் என்று அறிவதற்கே எண்கள். நல்ல தாய் யார், கெட்ட தாய் யார் என்று தீர்ப்புக் கூறுவதற்கு அல்ல.

மாணவ நண்பர்களே, நம் ஊர்ப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்திருப்பார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். அதன் உயரத்தைக் கவனித்தீர்களா? தலைச்சுமையோடு வருபவர், பிறர் உதவி இன்றி, குனியாமல் சுமையை அப்படியே அதன்மேல் தள்ளி வைத்து இளைப்பாறலாம். அதை நாட்டியவன் சுமப்பவரின் உயரத்தை அளந்து தெரிந்துகொண்டு நாட்டினான். மூட்டையில் என்ன இருக்கிறது, ஏன் சுமக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. அளவு என்பது அப்படி இருக்க வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை உளநூல் பயில்வீர்கள். சிலர் புள்ளிவிவரம் பயில்வீர்கள். அளவுகோல்களை நீங்களே செய்வீர்கள். எல்லோரும் பஸ்ஸில் போவீர்கள். அன்று ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டால், திரும்பி முறைத்துப் பார்க்காதீர்கள். இடம் வேண்டுமானால் இடம் விடுங்கள். வேண்டாவிடில் இயல்பாக உங்கள் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருங்கள். அந்தத் தாய் உங்களைப் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டிய தேவை இல்லாமல் போகட்டும். அன்று அவள் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கமாட்டாள்.